நம்பர் பிளேட்டுக்கு ஒரு வார்த்தை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். இது நோட்டில் எழுதிப் பழகிய கை அல்ல, அட்டைப் பெட்டியில் எழுதிப் பழகிய கை. பத்தடி தள்ளி நிற்கும் லாரிக்காரர் கண்ணைச் சுருக்காமல் படிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேக்கிங் பிரிவில் எழுத்துக்கு வைத்திருக்கும் ஒரே பரீட்சை. அந்தக் கையோடு நோட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் முப்பது வார்த்தைதான் கொள்கிறது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சின்ன ரகரமும் பெரிய றகரமும் அவற்றின் இஷ்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றியும், அதனால் என் சீட்டு போகப் பார்த்ததைப் பற்றியும்தான்.

பஸ் காலை ஆறரைக்குச் சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பும். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, பரனூர் டோல்கேட்டையும் சிங்கப்பெருமாள்கோயிலையும் தாண்டி, மறைமலைநகரில் எங்கள் கம்பெனி வாசலில் போய் நிற்கும். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. நான் முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவன் என்பதால் எந்த சீட்டில் வேண்டுமானாலும் உட்காரலாம். பதினோரு வருஷமாக நான் உட்காருவது கடைசி வரிசையில் வலது ஜன்னலோரம். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் பஸ்ஸில் கிடையாது. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு பக்கம் கண்ணாடி. மிச்சம் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் சமாளித்தால் போதும்.

விளையாட்டு உண்டானதற்குக் காரணம் எங்கள் டிரைவர். அவர் யாரையும் முந்திப் போனதை நான் பார்த்ததில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் கார், வேன், கன்டெய்னர் லாரி என்று எல்லாமே எங்களைத் தாண்டிப் போகும். தாண்டிப் போகிற வண்டியின் பின்பக்க நம்பர் பிளேட்டைப் படித்துப் படித்துச் சலித்துப்போன யாரோ ஒருவர், அந்த எழுத்துகள் வருகிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்கள் பார்க்கலாம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தார். ஆரம்பித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விளையாட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

விதிகள் சுலபம். நம் ஊர் வண்டி என்றால் முதலில் வருகிற டி, என் இரண்டையும் விட்டுவிட வேண்டும், அவை எல்லா வண்டியிலும் இருப்பவை. நடுவில் இருக்கும் எழுத்துகள்தான் கணக்கு. வெளி மாநிலத்து லாரி என்றால் முதல் எழுத்துகளும் சேர்ந்துகொள்ளும், அதனால் ஆட்டம் கஷ்டம். எழுத்துகள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, வார்த்தைக்குள் இருந்தால் போதும். டிரைவர் எழுத்தைக் கத்திச் சொல்வார். கடைசி வரிசையில் இடது ஜன்னலிலிருந்து வலது ஜன்னல்வரை ஆளுக்கொரு வார்த்தை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. சொல்ல முடியாதவர் சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து கம்பெனி வாசல்வரை நின்றுகொண்டு வர வேண்டும். ஒருவருக்குமே வார்த்தை கிடைக்கவில்லை என்றால் வரிசையே நிற்க வேண்டும். இது போக, எழுதப்படாத ஒரு வழக்கமும் உண்டு. கடைசி வரிசை ஆடுகிறவர்களுக்கு, முன் பக்கம் தூங்குகிறவர்களுக்கு. மூன்று நாள் தொடர்ந்து வார்த்தை சொல்லாதவர் தானாகவே பையை எடுத்துக்கொண்டு முன் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

நடுவர் ஒரு மேடம். செங்கல்பட்டில் ஏறுவார். பாகங்களைச் சரிபார்க்கும் குவாலிட்டி பிரிவில் இருப்பவர், கடைசி வரிசைக்கு முந்தின சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, போனில் அகராதியைத் திறந்து வைத்திருப்பார். பிரிவில் ஒரு நூலளவு பிசகிய பாகத்தைத் தள்ளுகிற மாதிரியே வார்த்தையையும் தள்ளுவார்.

அந்த வரிசையில் எல்லாரும் டிப்ளமோ, ஐ.டி.ஐ., ஒருவர் என்ஜினீயரிங்கூட. ஐந்தாம் வகுப்புக்காரன் அங்கே எப்படி நிலைத்தேன் என்று கேட்பீர்கள். அதற்கு என் வேலையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். பாதி பள்ளியில் வந்தது, மீதி எங்கள் கரையில் படகுகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணிலிருந்து வந்தது. கம்பெனியில் சேர்ந்த பிறகு நாள் முழுக்கப் பெட்டியில் லேபிள் ஒட்டுவதும், லேபிள் கிழிந்தால் மார்க்கரால் அதே மாதிரி பெட்டிமேல் எழுதுவதும் என் வேலை. பதினோரு வருஷத்தில் சில நூறு வார்த்தைகள் என் கைக்கு வந்துவிட்டன. ஒரு எழுத்து பிசகாமல் எழுதுவேன். ஆனால் அவற்றை எப்படிச் சொல்வது என்று தெரியாது. பேக்கிங்கில் அந்த வார்த்தைகளை யாரும் வாயால் சொல்வதில்லை. உடையும் பொருள் உள்ள பெட்டியில் ஒரு கண்ணாடி டம்ளர் படம் இருக்கும், அது எங்களுக்கு ‘கிளாஸ் பொட்டி’. நனையக்கூடாத பெட்டியில் குடைப் படம், அது ‘கொடப் பொட்டி’. தலைகீழாக வைக்கக்கூடாத பெட்டியில் மேலே பார்க்கும் அம்பு, அது ‘அம்புப் பொட்டி’. படம் இல்லாத பெட்டியை டேப்பின் நிறத்தை வைத்துக் கூப்பிடுவோம். படத்துக்குக் கீழே இருக்கும் வார்த்தையைக் கண் பார்க்கும், கை எழுதும், காது மட்டும் கேட்டதே இல்லை.

இப்போது என் கூட்டாளி. திருக்கழுக்குன்றத்தில் ஏறுவான், என் பக்கத்து சீட்டு. டிப்ளமோ முடித்து மெஷின் ஷாப்பில் வேலை. முப்பது வயதுக்குள். வாய் ஓயாது. விளையாட்டு தொடங்கிய வாரத்தில்தான் அவன் வந்து உட்கார்ந்தான். அந்த வாரத்திலேயே ஒரு நாள் எஃப், ஜி என்று ஒரு கார் போனது. வரிசையில் இருந்தவர்கள் ஃபிளாக், ஃபிங்கர், ஃபிராக் என்று சுலபமானவற்றை எல்லாம் காலி செய்துவிட்டார்கள். அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மார்கழிப் பனி கண்ணாடியில் படிந்திருந்தது. நான் பாட்டுக்கு ‘கிளாஸ் பொட்டி’ வார்த்தையை விரலால் பனியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப் இருக்கிறது, ஜி இருக்கிறது, சரிதான் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“ஃபிராஜைல்,” என்றான் உரக்க.

மேடம் தலையாட்டிவிட்டார். என் காதுக்கு அந்த வார்த்தை அன்றுதான் முதல் தடவை வந்தது. இத்தனை வருஷம் நான் ஒட்டிய பெட்டிக்கு இவ்வளவு அழகான பெயர் என்று தெரியாமல் போயிற்று.

அவன் என் காதருகே குனிந்தான். “அண்ணாத்த, ஒண்ணும் தெரியாத மாதிரி குந்திகினு கீறியே. உள்ள இன்னும் எவ்ளோ ஸ்டாக்கு கீது?”

“கொஞ்சம் கீது,” என்றேன்.

“நானும் அண்ணாத்தயும் ஒரே டீமு மேடம்,” என்று அன்றே அறிவித்துவிட்டான். மேடம், “ரெண்டு சீட்டுக்கும் சேர்த்து ஒரு வாய்தான், ஒரு வார்த்தைதான்,” என்று அனுமதித்தார்.

அப்படியே நான்கு வருஷம் ஓடியது. பனிக்காலத்தில் கண்ணாடியில் எழுதுவேன், மற்ற நாளில் அவன் சாப்பாட்டுப் பைமேல் விரலால் எழுதுவேன். கியர்பாக்ஸ், வாஷர், கேஸ்கெட் என்று அவன் எடுத்து விடுவான். மொத்த வரிசையும் அவனை ‘டிக்‌ஷனரி’ என்று கூப்பிட ஆரம்பித்தது. ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொண்டோம். க்யூ, ஒய் என்று ஒரு வேன். மேடம் முந்திக்கொண்டு, “குவாலிட்டியைத் தவிர வேற சொல்லுங்க, அது எங்க டிபார்ட்மென்ட்டு,” என்றார். நான் பையில் மூன்றே எழுத்து எழுதினேன். எல்லா லேபிளிலும் எண்ணிக்கைக்கு முன்னால் இருக்கும் மூன்று எழுத்து. கூட்டாளி அவசரத்தில் அப்படியே, “க்யூ, டி, ஒய்,” என்றான்.

“அது வார்த்தை இல்ல, சுருக்கம்,” என்றார் மேடம்.

“மேடம், டெய்லி ஆயிரம் பொட்டில ஒட்றோம். ஆயிரம் பேருக்குப் புரியிது. அது வார்த்த இல்லன்னா இன்னா அது?”

“நீங்க எங்கங்க பொட்டில ஒட்டுறீங்க? நீங்க மெஷின் ஷாப்பு.”

நான் கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் முழு வார்த்தையான குவான்டிட்டியிலும் அந்த இரண்டு எழுத்தும் இருந்ததால் தப்பித்தோம்.

நானே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்ததுண்டு. ஆனால் வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் எவ்வளவு படித்தவன் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். எழுதும்போது நான் எல்லாருக்கும் சமமாக இருந்தேன். வாயைத் திறக்காதவரை என் சீட்டு என் சீட்டாக இருந்தது.

போன ஐப்பசியில் கூட்டாளிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு ஊரப்பாக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். ஊரப்பாக்கத்திலிருந்து வருவது வேறு பஸ்.

“அண்ணாத்த, இனிமே நீயே வாயத் தொறக்கணும்.”

“எனக்குச் சொல்ல வராதுடா.”

“வராம எங்க பூடும்? மூணு நாளு சும்மா குந்துனா முன்னால தள்ளிடுவானுங்க. அங்க அக்கவுன்ட்ஸ் சார் பக்கத்துல. அவரு தூங்குனா யாரு தோள்னு பாக்க மாட்டாரு.”

அவன் சொன்னது விளையாட்டுப் பேச்சுதான். முன் சீட்டில் தூங்குவதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஒரு நாளில் நான் நாலு பேரோடு சேர்ந்து சிரிப்பது அந்த இருபது நிமிஷம்தான். பெட்டிகளோடு எட்டு மணி நேரம், வீட்டில் டிவியோடு மூன்று மணி நேரம், அதற்கு நடுவில் அந்தக் கடைசி வரிசை. அதை விட எனக்கு மனசில்லை.

ஒத்திகை பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின மாதம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோட்டைக்குள் போய்த் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, பாதி இடிந்தது. வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருக்கும் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. இரண்டு ஆடுகள் மட்டும் என் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டு புல் மேய்ந்தன. ‘கேஸ்கெட்’ என்று கொஞ்சம் பலமாகச் சொன்னபோது ஒரு ஆடு நிமிர்ந்து பார்த்தது. நான் அதற்கே கூச்சப்பட்டு நிறுத்திவிட்டேன்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கல்லறைகளின்மேல் பெரிய பெரிய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே பார்க்கிற எழுத்து, விரலை விட்டுத் தடவித் தடவி மனப்பாடமாகவே ஆகிவிட்டது. டிப்ளமோக்காரர்கள் யாரும் அந்த வார்த்தைகளைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியானால் என் முறை வரும்வரை அவை மிச்சம் இருக்கும். ஒரு வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு நானே ஒரு சத்தமும் வைத்திருந்தேன். அதைக் கூட்டாளியிடம்கூடச் சொல்லாமல் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்தது. அடுத்த திங்கள்கிழமை பக்கத்து சீட்டில் என் பை மட்டும் இருந்தது.

செங்கல்பட்டு தாண்டியதும் டிரைவர் குரல் கொடுத்தார். “ஜி, வி. வெள்ள காரு.”

இடது ஜன்னலிலிருந்து கிவ், கிளவ், வில்லேஜ், கவர்ன்மென்ட் என்று வந்தது. என் கல்லறை வார்த்தையில் ஜி, வி இரண்டும் இருந்தன. என் முறை வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. டிக்‌ஷனரி இல்லாத காலி சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெக்ரேவன்,” என்றேன்.

பஸ்ஸில் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அது. வரிசையே திரும்பியது. மேடம் போனைத் தட்டினார், மறுபடியும் தட்டினார். எழுத்தைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மூன்றாவது தடவையும் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒண்ணு இல்லையே அண்ணா. எங்க பாத்தீங்க?” என்றார்.

கல்லறை என்று சொல்ல வாய் வரவில்லை. “கல்லுல,” என்றேன்.

“கல்லுலயா?” என்றான் கடைசி வரிசையின் நடு சீட்டுக்காரன். “மாமல்லபுரத்துலயா அண்ணாத்த? ராஜா செதுக்கும்போது நீ பக்கத்துல நின்னுகினு இருந்தியா?”

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, தினமும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் நான் அன்று சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து நின்றுகொண்டு போனபோது ஒரே யோசனைதான். கல்லில் வெட்டியதே தப்பு என்றால் அட்டையில் எழுதியதை எப்படி நம்புவது? தெரிந்த வார்த்தைகள் எல்லாம் சந்தேகமாகிவிட்டன. செவ்வாய்க்கிழமை வாய் திறக்கவில்லை. புதன்கிழமை என் முறை வந்தபோது, நான் கஷ்டப்படுவதைப் பார்த்த நடு சீட்டுக்காரனே, “அண்ணாத்தய வுட்டுருங்கப்பா. அவரு பாட்டுக்கு குந்திகினு வரட்டும். நிக்கக்கூட வேணாம்,” என்றான். எல்லாரும் சரி சரி என்றார்கள்.

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அந்த நல்ல மனசுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. முறை இல்லாமல் அந்த வரிசையில் உட்காருவது, பந்தியில் இலை இல்லாமல் உட்காருவது மாதிரி. வியாழக்கிழமை காலியான பஸ்ஸில் ஏறி, கொஞ்ச நேரம் நடுவில் நின்றுவிட்டு, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா அண்ணாத்த, பதவி எறக்கமா?”

“வெயில் அடிக்குது பின்னால.”

“ஆறரை மணிக்கு இன்னா வெயிலு?” என்று வண்டியைக் கிளப்பினார்.

செங்கல்பட்டில் அக்கவுன்ட்ஸ் சார் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டாளி சொன்னது பொய் இல்லை. பரனூர் வருவதற்குள் அவர் தலை என் தோளில் இருந்தது. எட்டு நாள் அப்படியே போனது. முன் சீட்டில் ஒரு கொடுமை, நம்பர் பிளேட் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். டிரைவர் எழுத்தைச் சொல்வதற்குள் எனக்கு வார்த்தை வந்துவிடும். வந்ததை விழுங்கிக்கொண்டு, பின்னால் அவர்கள் திணறுவதைக் கேட்டுக்கொண்டு, தோளை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் டோல்கேட்டைத் தாண்டியதும் ஒரு கர்நாடக லாரி எங்களை முந்தியது.

“வெளியூரு லாரி. மொத்தமா நாலு எழுத்து,” என்று டிரைவர் ரசித்துச் சொன்னார். “கே, ஏ, எஃப், எச்.”

பின்னால் ஒருவன், “ஃபிளாஸ்க்,” என்றான்.

“எச் எங்க?” என்றார் மேடம்.

“உள்ள சுடுதண்ணி கீது மேடம். ஹாட்டு. அதுல எச்சு கீது.”

“உள்ள இருக்கறதெல்லாம் கணக்குல வராது.”

இன்னும் இரண்டு மூன்று முயற்சி. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு எழுத்து குறைந்தது. டிரைவர், “சிங்கப்பெருமாள்கோயிலு வருது, எல்லாரும் நிக்க ரெடியாவுங்க,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மேடமும் நிற்க வேண்டியதுதான், நடுவருக்குச் சலுகை கிடையாது.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். மஞ்சள் டேப் பெட்டி. நீளமான வார்த்தை, வருஷக்கணக்காக எழுதியது, நான்கு எழுத்தும் அதற்குள் இருந்தன. எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியாது. கூட்டாளி சொல்லிக்கொடுத்த பட்டியலில் அது இல்லை.

பஸ்ஸின் முன் கண்ணாடியில் ‘சதுரங்கப்பட்டினம்’ என்று ஒரு போர்டு வைத்திருப்போம். அது போர்டு இல்லை, பெட்டியின் மூடி அட்டை. நான்தான் எழுதிக் கொடுத்தது. பின் பக்கம் வெறுமையாக இருந்தது. அக்கவுன்ட்ஸ் சார் தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து அந்த அட்டையை எடுத்தேன்.

“போர்டை இன்னாத்துக்கு எடுக்கற அண்ணாத்த?”

“ஒரு நிமிஷம்.”

பேக்கிங்காரன் சட்டைப் பையில் மார்க்கர் இல்லாமல் இருக்காது. அட்டையைத் தொடைமேல் வைத்து, பஸ் குலுங்குவதற்கு ஏற்றாற்போல் கையை விட்டு, வேலை செய்யும் இடத்தில் எழுதுகிற மாதிரியே பட்டை எழுத்தில் எழுதினேன். எழுந்து பின் பக்கம் திரும்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவர்களுக்கு வார்த்தை தெரிய வேண்டும் என்பதற்காக முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை. என் முகம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான்.

அட்டைக்குப் பின்னால் எனக்கு எதுவும் தெரியவில்லை. பழுப்பு அட்டையின் வரிகள் மட்டும் தெரிந்தன. பிறகு நடு சீட்டுக்காரன் குரல் மெதுவாக, “கிராங்க்…” என்றது. அதற்குள் இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம் வரிசையே சேர்ந்து சொன்னது.

“கிராங்க் ஷாஃப்ட்.”

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் விழித்து, கம்பெனி வந்துவிட்டது என்று பையைத் தேடினார்கள். மேடம் எழுந்து நின்று ஒவ்வொரு எழுத்தாக விரல் விட்டு எண்ணுவது கேட்டது. “கே இருக்கு. ஏ இருக்கு. எச் இருக்கு. எஃப் இருக்கு. செல்லும்.”

பின் பக்கம் கை தட்டினார்கள். நான் அட்டையை இறக்கவில்லை.

“அண்ணா, அட்டைய கொஞ்சம் கீழ இறக்குங்க,” என்றார் மேடம். இறக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இது எங்க செக்‌ஷனுக்கு வர்ற பொட்டில இருக்கற எழுத்து. நாலு வருஷமா பாக்கறேன். மெஷின் ஷாப்புல இருக்கறவரு வாஷரும் கேஸ்கெட்டுமா, பொட்டி மேல இருக்கற வார்த்தையா எப்படிச் சொல்றாருன்னு எனக்கு ஒரு யோசனை இருந்துகிட்டே இருந்துச்சு.”

யாரும் எதுவும் கேட்பதற்குள் நடு சீட்டுக்காரன் கூட்டாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டான். “டிக்‌ஷனரி, உண்மைய சொல்லு. இத்தினி நாளு வார்த்த யாருது?”

ஊரப்பாக்கம் பஸ்ஸிலிருந்து அவன் குரல் கரகரவென்று வந்தது. “கண்டுபுட்ச்சிட்டீங்களா? நான் வெறும் ஸ்பீக்கருப்பா. பாட்டு அண்ணாத்தயுது.”

“எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“அவரு சொல்ல வேணான்னாரு. அவரு சீட்டுல யாராவது குந்திகினு கீறீங்களா? மருவாதியா எழுந்துருங்க.”

என் சீட்டில் யாரும் உட்காரவில்லை. எட்டு நாளும் காலியாகத்தான் இருந்ததாம். நடு சீட்டுக்காரன் வந்து என் பையை எடுத்துப் போய் அங்கே வைத்துவிட்டான். சிங்கப்பெருமாள்கோயிலில் யாரும் நிற்கவில்லை. நான் மட்டும் கடைசி வரிசைக்கு நடந்து போவதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்கே புது விதி போட்டார்கள். வலது ஜன்னலுக்கு வாய் கட்டாயம் இல்லை, அட்டை போதும். நான் எழுதிக் காட்டுவேன், வரிசை சேர்ந்து படிக்கும். யார் முதலில் சரியாகப் படிக்கிறார் என்று அதற்குள் ஒரு குட்டிப் போட்டியும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சொல்லத் தெரியாத வார்த்தைகள் என் பெட்டிகளில் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி அடித்துக்கொள்வார்கள். மேடம் போனைப் பேச விட்டுத் தீர்த்து வைப்பார். ஒரு வாரம் கழித்து, எஃப், ஜி என்று ஒரு ஆம்னி வேன் போனபோது, மார்க்கர் மூடியைத் திறந்தவன் மறுபடியும் மூடினேன். “ஃபிராஜைல்,” என்றேன். யாரும் கை தட்டவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கல்லறை வார்த்தையின் கதையும் முடிந்துவிட்டது. எங்கே பார்த்தேன் என்பதை ஒரு நாள் மேடத்திடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரரோடு கோட்டைக்கு வந்தார். நான் கல்லைக் காட்டினேன். அவர் குனிந்து படம் எடுத்து, போனில் ஏதோ செய்து பார்த்துவிட்டு, “டச்சு வார்த்தை அண்ணா. புதைச்சிருக்குன்னு அர்த்தம். வார்த்தை நெசம்தான்,” என்றார்.

“அப்ப அன்னிக்கு நான் நின்னது?”

“ஆட்டம் இங்கிலீஷுல. நின்னது நின்னதுதான்,” என்றார். குவாலிட்டி பிரிவு குவாலிட்டி பிரிவுதான்.

கூட்டாளியின் பஸ்ஸில் யாரும் ஆடுவதில்லையாம். எல்லாரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வருகிறார்களாம். அதனால் காலை வேளைகளில் அவனிடமிருந்து போனில் வெறும் எழுத்துகள் மட்டும் வரும். நான் அட்டையில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன். அவன் அதைச் சொல்லி, குரலாகப் பதிவு செய்து திருப்பி அனுப்புவான். நேற்று அனுப்பியதில், “இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வையி அண்ணாத்த, பொட்டிங்கல்லாம் லாரி ஏறிப் பூடுது,” என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தான். இன்று விடுமுறை. காலையில் கடையில் ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது வார்த்தை என்ற கணக்கில் நோட்டு தீர்ந்து, இந்தக் கடைசி வரிகளை அதன் பின் அட்டையில்தான் எழுதுகிறேன். அட்டைக்கு வந்ததும் எழுத்து கொஞ்சம் நன்றாக வருகிறது.

மார்கழி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.